பிள்ளைக்காக யார் பேசுவது? அமெரிக்கச் சிறார் நீதிமன்றங்களில் பரிந்து பேசுவோரின் வரலாறு

பாஸ்டன் நகரில் பூட்ஸ் தைத்துப் பிழைத்துவந்த ஜான் அகஸ்டஸ் சட்டம் படித்தவரல்ல. 1841 ஆகஸ்டில் ஒருநாள் காலை அவர் போலீஸ் நீதிமன்றத்தில் இருந்தபோது, குடிகாரர் என்ற குற்றச்சாட்டில் கந்தல் உடையோடு ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அகஸ்டஸ் அந்த ஆளிடம் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார். பிறகு நீதிபதியிடம் கேட்டு ஜாமீனில் எடுத்தார். மூன்று வாரம் கழித்து அதே ஆள் தெளிந்த முகத்தோடு வந்து நின்றதைக் கண்ட நீதிபதி, சிறைக்கு அனுப்பாமல் ஒரு சென்ட் அபராதமும் செலவுத் தொகையும் கட்டச் சொல்லி விட்டுவிட்டார். அன்றைக்குத் தொற்றிக்கொண்ட பழக்கத்தை அகஸ்டஸ் 1859இல் இறக்கும்வரை விடவில்லை. அவர் ஜாமீனில் எடுத்தவர்கள் ஏறக்குறைய 2,000 பேர்.

அவர்களில் சிறுவர்களும் உண்டு. 1847இல் 7 முதல் 15 வயது வரையான 19 பையன்களுக்கு அவர் பிணை நின்றார். வழக்கை உடனே முடிக்காமல் மாதாமாதம் தள்ளிவைப்பது, ஒவ்வொரு மாதமும் அகஸ்டஸ் நீதிமன்றத்துக்கு வந்து பையன்கள் எப்படி இருக்கிறார்கள் என்று சொல்வது, ஐந்தாறு மாதம் பார்த்துவிட்டுத் தீர்ப்பைச் சொல்வது என்று ஏற்பாடு. தவணை முடிந்து பன்னிரண்டு பேரை ஒரே நாளில் கொண்டுவந்து நிறுத்தியபோது, சட்டம் எதற்காக இருக்கிறதோ அது நிறைவேறிவிட்டது என்று நீதிபதி மகிழ்ந்ததாக அகஸ்டஸ் தம் அறிக்கையில் எழுதியிருக்கிறார். எல்லோரும் மகிழவில்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்பினால் காவலருக்கும் எழுத்தருக்கும் சாவிக்காரருக்கும் தலைக்கு இவ்வளவு என்று சில்லறைக் கட்டணம் கிடைத்துவந்தது. அகஸ்டஸ் பிணை நின்ற ஒவ்வொரு தடவையும் அந்த வரும்படி போயிற்று. அவருடைய சொந்தத் தொழிலும் படுத்துவிட்டது.

சிறார் நீதி வரலாற்றை எழுதுபவர்கள் அகஸ்டஸை நன்னடத்தை அலுவலர்களின் முன்னோடி என்று சொல்வது வழக்கம். அதைவிட முக்கியமான இன்னொன்று அவர் கதையில் இருக்கிறது. அந்த நீதிமன்றத்தில் சட்டத்துக்கும் குறைவில்லை, இரக்கத்துக்கும் அவ்வளவு பஞ்சமில்லை. இல்லாதது ஒன்றுதான்: அந்தப் பையன் யார், எங்கே தூங்குகிறான், அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று நடந்து போய் விசாரித்து வந்து சொல்ல ஓர் ஆள். அமெரிக்காவில் பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசுவோரின் வரலாற்றை இந்த ஆளைத் தேடிய வரலாறு என்றே சொல்லலாம். தேடலில் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு புதிய நலம்விரும்பியைக் கண்டெடுத்து நீதிமன்றத்துக்குள் அனுப்பியது. கொஞ்ச காலத்தில் அந்த நலம்விரும்பியிடமிருந்தே பிள்ளையைக் காக்க வேண்டிய நிலையும் வந்தது.

அகஸ்டஸுக்கு முன்பிருந்தே அரசு தன்னைத்தான் முதல் நலம்விரும்பியாக எண்ணிக்கொண்டிருந்தது. பெற்றோர் தவறினால் அரசே பெற்றோர் என்ற பழைய ஆங்கிலேயக் கோட்பாட்டை 1838இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் கையில் எடுத்தது. மேரி ஆன் குரோஸ் என்ற சிறுமியை அவளுடைய தாயே பிலடெல்பியாவின் சீர்திருத்த இல்லத்தில் சேர்க்கச் செய்திருந்தார். தந்தை ஆட்கொணர்வு மனு போட்டார். அது சிறையல்ல, பள்ளி; பிள்ளையின் நன்மைக்காகத்தான் வைத்திருக்கிறோம் என்று சொல்லி நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது. சிறுமியை யாராவது கேட்டார்களா என்ற கேள்விக்கு அன்றைய சட்டத்தில் இடமே இல்லை. 1870இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் வேறு வழியில் போனது. குற்றம் எதுவும் செய்யாத டேனியல் ஓ'கானல் என்ற பையனைச் சிகாகோ சீர்திருத்தப் பள்ளியில் அடைத்தது செல்லாது என்று அவனை விடுவித்தது. அந்தத் தீர்ப்பு நெடுநாள் தனியாகவே நின்றது.

1874இல் நியூயார்க்கில் நடந்த மேரி எலன் வழக்கைப் பற்றிப் பரவலாக வழங்கும் கதை ஒன்று உண்டு. வதைபட்ட சிறுமியைக் காப்பாற்றச் சட்டம் இல்லாததால், அவளையும் ஒரு விலங்கு என்று வாதாடி விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மீட்டார்களாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுவல்ல.

நடந்தது இதுதான். எட்டா வீலர் என்ற பெண்மணி மெதடிஸ்டு சபையின் ஊழியராக ஏழைக் குடியிருப்புகளுக்குப் போய்வருபவர். ஒரு குடியிருப்பில் சாகக் கிடந்த காசநோயாளி ஒருவர், சுவருக்கு அப்பால் ஒரு பிள்ளையை அடிக்கும் சத்தம் ஓயாமல் கேட்கிறது என்று அவரிடம் சொன்னார். வீலர் ஏதோ சாக்கு வைத்து அந்த வீட்டுக் கதவைத் தட்டிச் சிறுமியைக் கண்ணால் பார்த்தார். பிறகு போலீசிடம் போனார். சாட்சியம் கொண்டுவாருங்கள் என்றார்கள். தரும நிறுவனங்களிடம் போனார். சட்டப்படி ஒப்படைத்தால் வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். கடைசியில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க்கிடம் போனார். பெர்க் சங்கத்தின் தலைவராக அல்லாமல் தனிமனிதராகவே இறங்கினார். அவருடைய வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெர்ரி, ஆட்கொணர்வுச் சட்டத்தில் கிடந்த ஒரு பிரிவைத் தேடியெடுத்து நீதிபதியிடம் ஆணை பெற்றார். 1874 ஏப்ரல் 9 அன்று சிறுமியை வண்டிக் கம்பளத்தில் சுற்றித் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குள் வந்தார்கள். கத்தரிக்கோலால் பட்ட காயம் அவள் முகத்தில் இருந்தது. அவளே வாய் திறந்து சாட்சி சொன்னாள். வளர்த்தவளுக்கு ஓராண்டுச் சிறை கிடைத்தது.

ஆக, சட்டம் ஏற்கெனவே இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றப் படியேறுவதுதான் யாருடைய வேலையாகவும் இல்லை. மேரி எலனை வீலரின் குடும்பத்தாரே ராச்செஸ்டர் பக்கத்தில் வளர்த்தார்கள். அவர் மணம்செய்து, ஒரு மகளுக்கு எட்டா என்று பெயரிட்டு, 92 வயது வரை வாழ்ந்து 1956இல் மறைந்தார். வழக்கு நடந்த ஆண்டின் டிசம்பரிலேயே குழந்தைவதைத் தடுப்புச் சங்கம் நியூயார்க்கில் உருவாகிவிட்டது. பிற நகரங்களும் பின்தொடர்ந்தன. சங்கத்தின் ஆட்கள் ஏழைகள், புதிதாகக் குடியேறியவர்கள் வீடுகளில்தான் அதிகம் நுழைந்தார்கள். வறுமை எது, வதை எது என்ற கோடு அவர்களுக்கு எப்போதும் தெளிவாகத் தெரிந்தது என்று சொல்ல முடியாது. பாஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் அந்தச் சங்கத்துக்கு மக்கள் வைத்த பெயர் 'கொடுமை'. கொடுமையைத் தடுக்க வந்தவர்களுக்கே அந்தப் பெயர்.

பிள்ளைகளுக்காக நிற்கும் வேலையைச் சிகாகோவின் பெண்கள் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். லூசி ஃபிளவர், ஜூலியா லேத்ராப் முதலியோரும், ஹல் ஹவுஸ் சமூக இல்லத்தைச் சேர்ந்தவர்களும், சிகாகோ மகளிர் மன்றமும் விடாமல் போராடியதன் பலனாக 1899இல் இல்லினாய் சிறார் நீதிமன்றச் சட்டம் நிறைவேறியது. அந்த ஆண்டு ஜூலை 3 அன்று நீதிபதி ரிச்சர்டு டட்ஹில் முன்னால் நாட்டின் முதல் சிறார் நீதிமன்றம் கூடியது. முதலில் வந்தவன் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட 11 வயதுப் பையன். அவனைச் சிறைக்கு அனுப்பாமல் பாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். சட்டத்தில் நன்னடத்தை அலுவலர் என்ற பதவி இருந்தது. அரசுப் பணத்திலிருந்து அவருக்குச் சம்பளம் தரக்கூடாது என்றும் அதே சட்டத்தில் எழுதியிருந்தது. சம்பளத்துக்கான பணத்தை மகளிர் மன்றத்தார்தான் திரட்டினார்கள். முதல் அலுவலர்களில் ஒருவரான ஆல்ஸினா ஸ்டீவன்ஸ் சிறுவயதில் நெசவாலையில் வேலைபார்த்து ஒரு விரலை இழந்தவர்.

அந்தக் காலத்துச் சிறார் நீதிமன்றத்தின் கவர்ச்சியை இன்று உணர்வது கொஞ்சம் கடினம். உயர்ந்த மேடை இல்லை. நீதிபதி பையனுக்குப் பக்கத்தில் மேசையில் உட்கார்ந்து பேசுவார். அரசு வழக்கறிஞர் இல்லை, எதிர்த் தரப்பு வழக்கறிஞரும் இல்லை. டென்வர் நீதிபதி பென் லிண்ட்சி, சீர்திருத்தப் பள்ளிக்குப் போக வேண்டிய பையன் கையில் உத்தரவுத் தாளைக் கொடுத்துத் தனியாக ரயிலேற்றி அனுப்புவார். பெரும்பாலானவர்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தார்கள். சிகாகோவில் மேரி பார்ட்டெல்மி சிறுமிகளின் வழக்குகளைத் தனியாகக் கேட்டார். 1923இல் நீதிபதியாகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். வேறு வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் புதுத் துணிமணி நிரப்பிய ஒரு சூட்கேஸ் கொடுப்பது அவர் வழக்கம். 'சூட்கேஸ் மேரி' என்றே அவருக்குப் பெயர் வந்தது. இன்றும் அமெரிக்காவில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் தங்கள் உடைமைகளைக் குப்பைப் பையில் திணித்துக்கொண்டு வீடு மாறுவதும், அவர்களுக்காகச் சூட்கேஸ் சேகரிக்கத் தரும அமைப்புகள் கிளம்புவதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நூறாண்டில் இந்த ஒரு பொருளுக்குக்கூட அரசால் வழிசெய்ய முடியவில்லை என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

1925 வாக்கில் இரண்டு மாநிலங்கள் நீங்கலாக மற்ற எல்லா மாநிலங்களிலும் சிறார் நீதிமன்றம் வந்துவிட்டது. சிறாருக்குத் தனி நீதிமன்றம் என்ற எண்ணம் கடல் தாண்டியும் பரவியது. இங்கிலாந்தின் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் 1920இல் சென்னை மாகாணம் இயற்றிய சிறார் சட்டம்தான் இந்தியாவில் அவ்வகையில் முதலாவது.

எல்லாரும் பையனுக்கு வேண்டியவர்கள் என்றால் அவனுக்கு வக்கீல் எதற்கு என்பது அமெரிக்கச் சிறார் நீதிமன்றங்களின் அன்றைய வாதம். இந்த வாதம் 1964 ஜூனில் அரிசோனா மாநிலத்தின் குளோப் என்ற சுரங்க ஊரில் போய் முட்டியது.

ஜெரால்ட் கால்ட் என்ற 15 வயதுப் பையன் பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குத் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்று புகார். ஜூன் 8 அன்று அவனைப் பிடித்துக்கொண்டு போனபோது தாயும் தந்தையும் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை. மகனைக் காணாமல் தேடிய தாய்க்கு அக்கம்பக்கத்தில் கேட்டுத்தான் விஷயம் தெரிந்தது. மறுநாள் நீதிபதியின் அறையிலேயே விசாரணை. புகார் கொடுத்தவர் வரவில்லை. யாரிடமும் சத்தியப் பிரமாணம் வாங்கவில்லை. பேசியதை எவரும் எழுதிவைக்கவில்லை. அடுத்த விசாரணை ஜூன் 15 என்று தாய்க்கு வந்த தகவல், அலுவலகத் தாளில்கூட இல்லாமல் ஒரு வெற்றுத்தாளில் எழுதிய குறிப்பு. புகார் கொடுத்தவர் வந்து எந்தப் பையன் பேசினான் என்று சொல்லட்டும் என்று தாய் கேட்டார். அவர் வரத் தேவையில்லை என்றார் நீதிபதி. பையனை 21 வயது வரை அரசுத் தொழிற்பள்ளியில் வைக்கும்படி உத்தரவாயிற்று. அதாவது, அதிகபட்சம் ஆறு ஆண்டு. அதே குற்றத்தை வயதுவந்த ஒருவர் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம், அல்லது இரண்டு மாதத்துக்கு மேற்படாத சிறை. அரிசோனாவில் சிறார் வழக்குக்கு மேல்முறையீடும் கிடையாது.

பெற்றோர் ஆட்கொணர்வு மனு போட்டபோது, எந்தச் சட்டத்தின் கீழ் இப்படி உத்தரவிட்டீர்கள் என்று நீதிபதியைக் கேட்டார்கள். அவர் பல காரணங்களை அடுக்கினார். அவற்றில் ஒன்று, இரண்டாண்டுக்கு முன் பையன் யாருடைய பேஸ்பால் கையுறையையோ எடுத்தான் என்று வந்த தகவல். ஆதாரம் இல்லாததால் அதை அப்போது விசாரிக்கவே இல்லை! குடும்பத்துக்காக அமீலியா லூயிஸ் என்ற வழக்கறிஞர் எடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1967 மே 15 அன்று தீர்ப்பாயிற்று. நீதிபதி ஏப் ஃபோர்ட்டஸ் எழுதிய அந்தத் தீர்ப்பு, குற்றம் சாட்டப்பட்டுச் சுதந்திரத்தை இழக்கும் அபாயத்தில் நிற்கும் சிறாருக்கு முறையான அறிவிப்பு, வழக்கறிஞர், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தல், தனக்கெதிராகத் தானே பேசாமலிருத்தல் ஆகிய உரிமைகளை உறுதிசெய்தது. சிறார் நீதிமன்றத்தின் நல்லெண்ணத்தை ஃபோர்ட்டஸ் மறுக்கவில்லை. நல்லெண்ணம் நடைமுறைக்கு ஈடாகாது என்றார், அவ்வளவுதான்.

கால்ட் தீர்ப்பு குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைகளுக்கு வழக்கறிஞரைக் கொடுத்தது. ஆனால் நீதிமன்றத்துக்கு வரும் பிள்ளைகளில் இன்னொரு கூட்டம் உண்டு. குற்றம் எதுவும் செய்யாமல், வீட்டில் அடிபட்டதாலோ கவனிப்பாரற்றுக் கிடந்ததாலோ வருகிறவர்கள் இவர்கள். இன்று இந்த வரிசையில் நிற்கும் பிள்ளை நாளை அந்த வரிசையில் நிற்பது சகஜம் என்பது இத்துறையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிந்ததே. இவர்களுக்காகப் பேச நியூயார்க் மாநிலம் மட்டும் 1962இலேயே சட்டக் காப்பாளர் என்ற வழக்கறிஞரை ஏற்படுத்தியிருந்தது. தேசிய அளவில் 1974 ஜனவரியில் வந்த குழந்தை வதைத் தடுப்புச் சட்டம், செனட்டர் வால்டர் மான்டேலின் முயற்சி. குழந்தை வதை வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வழக்குக் காப்பாளரை நியமிக்க வேண்டும், அப்படி நியமிக்கும் மாநிலத்துக்குத்தான் நிதி என்றது. வழக்குக் காப்பாளர் என்பதே பழைய சரக்கு. இங்கிலாந்தில் வயதுவராதவர் பெயரில் சொத்து வழக்கு வந்தால், அந்த வழக்குக்கு மட்டும் ஒருவரைக் காப்பாளராக நியமிப்பார்கள். நிலத்துக்காக ஏற்பட்ட அந்தப் பதவி இப்போது பிள்ளையின் வாழ்வுக்கு வந்தது. யாரை நியமிப்பது, அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் விளக்கவில்லை. பல இடங்களில் விசாரணைக்குச் சற்று முன்பாக நடைவழியில் ஒரு வழக்கறிஞர் கையில் கோப்பைத் திணிப்பதோடு சட்டத்தின் தேவை தீர்ந்துபோனது.

சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்டியின் நீதிபதி டேவிட் சூகப்புக்கு இது உறுத்தியது. ஒரு பிள்ளையைத் தாயிடம் அனுப்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும்போது தம்மிடம் போதுமான தகவலே இல்லை என்றும், இரவில் விழித்துக்கொண்டு சரியாகத்தான் செய்தோமா என்று யோசித்ததாகவும் பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். ஊர்மக்களில் யாராவது ஒரு பிள்ளைக்காக நேரம் ஒதுக்கி விசாரித்து வந்து சொன்னால் என்ன? இதைப் பேச மதிய உணவு நேரத்தில் ஒரு கூட்டம் போட்டார். நாலைந்து பேர் வருவார்கள் என்று எண்ணியிருந்தார். வந்தவர்கள் 50 பேர். 1977இல் திட்டம் தொடங்கி, முதலாண்டில் 110 தன்னார்வலர்கள் 498 பிள்ளைகளுக்காக நின்றார்கள். அதுவே காசா என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. நீதிமன்றம் நியமிக்கும் சிறப்புப் பரிந்துரையாளர்கள் என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. 1982இல் தேசியச் சங்கம் உருவாயிற்று. 1990இல் கூட்டாட்சிச் சட்டமே இதற்கு நிதி ஒதுக்கியது. இப்போது 900க்கும் மேற்பட்ட கிளைகள் இருக்கின்றன.

காசா தன்னார்வலர் அன்றாடம் என்ன செய்கிறார் என்று பார்த்தால் அகஸ்டஸின் வேலையேதான். ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ கடைக்காரராகவோ இருப்பார். பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து 30 மணிநேரப் பயிற்சி பெற்று, நீதிபதி முன்னால் உறுதிமொழி எடுப்பார். நீதிபதியின் நியமன ஆணை கையில் இருந்தால் பள்ளிப் பதிவேடு, மருத்துவக் குறிப்பு எல்லாவற்றையும் பார்க்கலாம். நலத்துறை அலுவலர் ஒருவர் தலையில் பல பிள்ளைகள் இருப்பார்கள். இவருக்கு ஒரு பிள்ளை, மிஞ்சினால் ஒரு குடும்பம். மாதம் ஒருமுறையாவது பிள்ளையைப் போய்ப் பார்ப்பார். தாய், தந்தை, வளர்ப்பு வீட்டார், ஆசிரியர், மருத்துவர் என்று ஒவ்வொருவரிடமும் பேசி, அடுத்த விசாரணைக்கு முன் அறிக்கை எழுதிக் கொடுப்பார்.

அந்த அறிக்கையில் பெரிய தத்துவம் எதுவும் இருக்காது. பையனுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை, ஆறு மாதமாகக் கண்ணாடி வாங்கித்தரவில்லை. இரண்டு பள்ளி மாறியதில் சான்றிதழ் வந்துசேராமல் ஒரே பாடத்தைத் திரும்பப் படிக்கிறாள். தம்பியை வேறு ஊரில் வைத்திருக்கிறார்கள், பார்த்து எட்டு வாரம் ஆகிறது. தாய்க்குச் சிகிச்சை வகுப்பு வைத்திருக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் பேருந்தே இல்லை. இப்படித்தான் இருக்கும். இவற்றில் ஒன்றை நீதிபதி ஒரு வரி உத்தரவில் சரிசெய்துவிடலாம், யாராவது சொன்னால்.

1997க்குப் பிறகு இந்த அறிக்கைக்குக் கனம் கூடியது. அந்த ஆண்டு வந்த சட்டம், கடந்த 22 மாதங்களில் 15 மாதம் ஒரு பிள்ளை வளர்ப்பு வீட்டில் இருந்துவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, பெற்றோரின் உரிமையையே நீக்க அரசு மனுப்போட வேண்டும் என்றது. கடிகாரம் ஓடத் தொடங்கியது. பேருந்து இல்லாததால் வகுப்புக்குப் போகாத தாயும் அக்கறையில்லாமல் போகாத தாயும் கோப்பில் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். எது எது என்று பிரித்துச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் தன்னார்வலர் கையில்.

குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைகளின் பக்கத்திலும் இதேபோல் ஒரு முயற்சி நடந்தது. ஜெரோம் மில்லர் என்பவர் 1970களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் மாநிலச் சீர்திருத்தப் பள்ளிகளை ஒவ்வொன்றாக மூடிக் காட்டியவர். 1975இல் பென்சில்வேனியாவுக்கு வந்தபோது, கேம்ப் ஹில் என்ற பெரியவர்களுக்கான சிறையில் சிறுவர்கள் அடைபட்டிருப்பதைக் கண்டார். அவர்களை வெளியே கொண்டுவந்தால் யார் பார்த்துக்கொள்வது? டாம் ஜெஃபர்ஸ் என்பவர் ஹாரிஸ்பர்க்கில் தொடங்கிய இளைஞர் பரிந்துரைத் திட்டம் பதில் கண்டது. பையனின் தெருவையும் ஆட்களையும் அறிந்த, அதே பகுதியில் குடியிருக்கும் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து அவனோடு இருக்கச் செய்தார்கள். காலையில் எழுப்பி நீதிமன்றத்துக்கு அழைத்துவருவது, வேலை தேட உடன் போவது, பாட்டியோடு சண்டை என்றால் சமாதானம் பேசுவது எல்லாம் அவர் வேலை. காசா தன்னார்வலர் பிள்ளையைப் பற்றி நீதிபதியிடம் சொல்பவர். இவர் பிள்ளையோடு கூடவே திரிபவர். இந்த வேறுபாடு சிறியதல்ல.

கால்ட் தீர்ப்பு வந்து நாற்பதாண்டு கழித்தும் அதே பென்சில்வேனியாவில் நடந்ததைச் சொல்லாமல் இந்த வரலாறு நிறைவுபெறாது. லுசெர்ன் கவுண்டியில் மார்க் சியாவரெல்லா என்ற சிறார் நீதிமன்ற நீதிபதி சின்னச் சின்னத் தவறுகளுக்கெல்லாம் பிள்ளைகளை அடைத்துவந்தார். உதவித் தலைமையாசிரியரைக் கேலிசெய்து இணையத்தில் ஒரு பக்கம் போட்ட மாணவிக்கு மூன்று மாதம். விசாரணை சில நிமிடங்களில் முடிந்தது. அந்த மாணவியின் தாய் பிலடெல்பியாவில் உள்ள சிறார் சட்ட மையத்துக்குத் தொலைபேசியில் பேசியதிலிருந்துதான் நூல் பிடிபட்டது. 2003 முதல் 2008 வரை அந்த நீதிமன்றத்தில் நின்ற பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் வழக்கறிஞர் இல்லாமலே நின்றிருந்தார்கள். வக்கீல் வேண்டாம் என்று கையெழுத்து வாங்கும் தாள் நீதிமன்ற அறைக்கு வெளியிலேயே பெற்றோர் கைக்கு வந்துவிடும். மையம் 2008இல் மாநில உச்ச நீதிமன்றத்தை அணுகியது; 2009 ஜனவரியில் மனு தள்ளுபடியாயிற்று. அதே மாதக் கடைசியில் கூட்டாட்சி அரசு குற்றச்சாட்டை வெளியிட்டது. தனியார் தடுப்பு இல்லங்களோடு தொடர்புடையவர்களிடமிருந்து சியாவரெல்லாவும் மைக்கேல் கோனஹன் என்ற இன்னொரு நீதிபதியும் 20 லட்சம் டாலருக்கும் மேல் பெற்றிருந்தார்கள். பிறகு உச்ச நீதிமன்றம் தன் முடிவை மாற்றிக்கொண்டு, 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தண்டனைகளை நீக்கியது. சியாவரெல்லாவுக்கு 28 ஆண்டு, கோனஹனுக்கு பதினேழரை ஆண்டு சிறை. கோனஹனின் எஞ்சிய தண்டனையை 2024 டிசம்பரில் ஜனாதிபதி பைடன் குறைத்தபோது பாதிக்கப்பட்ட குடும்பங்கள் கொதித்துப்போயின.

லுசெர்னில் சட்டம் சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தது. ஐந்தாண்டுக் காலம் அந்த அறையில் அரசு வழக்கறிஞரும் நன்னடத்தை அலுவலரும் எழுத்தரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். பிள்ளைக்காக மட்டுமே அங்கே இருக்கக் கடமைப்பட்டவர்தான் இல்லை. அதன் பிறகு பென்சில்வேனியா விதிகளை இறுக்கியது. பெற்றோரின் வருமானம் எதுவானாலும் பிள்ளையை வசதியற்றவராகவே கொண்டு அரசே வழக்கறிஞர் தர வேண்டும் என்றாயிற்று.

வழக்கறிஞர் என்று ஒருவர் பெயர் கோப்பில் இருந்துவிட்டால் போதுமா? ஜார்ஜியாவில் 2005இல் தீர்ப்பான கென்னி ஏ. வழக்கில் வளர்ப்பு வீட்டுப் பிள்ளைகளுக்கும் வழக்கறிஞர் உரிமை உண்டு என்று கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. அட்லான்டா இருக்கும் ஃபுல்ட்டன் கவுண்டியில் அப்போது ஒரு வழக்கறிஞருக்கு 400க்கும் மேற்பட்ட பிள்ளைகள். பெயரைக்கூட நினைவில் வைத்துக்கொள்ள முடியாத கணக்கு அது. ஃபுளோரிடா மாநிலத்தின் பாம் பீச்சில் குறைந்த எண்ணிக்கையில் வழக்குகளை எடுத்து நடத்திய சட்ட உதவித் திட்டம் ஒன்றை ஆராய்ந்த 2008ஆம் ஆண்டு ஆய்வு, அத்திட்டத்தின் வழக்கறிஞர்கள் நின்ற பிள்ளைகளுக்கு நிலையான வீடு விரைவில் கிடைத்தது என்று கண்டது.

தன்னார்வலர்களைப் பற்றிய ஆய்வுகள் அவ்வளவு இனிப்பாக இல்லை. டெக்ஸஸ் மாநிலத் தரவுகளை வைத்து சிந்தியா ஆஸ்போர்னும் குழுவினரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், காசா தன்னார்வலர் நியமிக்கப்பட்ட பிள்ளைகள் பெற்றோரிடம் திரும்பும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைவாகவும் தத்துப்போகும் வாய்ப்பு அதிகமாகவும் இருந்தது. சிக்கலான வழக்குகளுக்கே தன்னார்வலரைப் போடுகிறார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். அந்த வேறுபாட்டைக் கழித்துப் பார்க்க முயன்ற பிறகும் முடிவு அப்படித்தான் வந்தது. ஏமி மல்சர், தாரா அர்ஸ் என்ற இரு வழக்கறிஞர்கள் 2016இல் எழுதிய கட்டுரை இன்னும் கூர்மையானது. தன்னார்வலர்களில் பெரும்பான்மையோர் வசதியுள்ள வெள்ளையினப் பெண்கள். பிள்ளைகளிலோ கறுப்பினத்தவரும் பூர்வகுடியினரும் மக்கள்தொகை விகிதத்துக்கு மேல் இருக்கிறார்கள். பிள்ளைக்கு எது நல்லது என்று தன்னார்வலர் தீர்மானிக்கும்போது தம் வீட்டைத்தானே அளவுகோலாக வைப்பார் என்று அவர்கள் கேட்டார்கள். பாஸ்டன் குடியிருப்புகளில் எழுந்த முறையீட்டுக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

இந்த விமர்சனத்தை வைத்துக் காசாவை ஒரேயடியாகத் தள்ளிவிடுவது நியாயமாகாது. கண்ணாடி வாங்கித்தராததையும் தம்பியைப் பார்க்காததையும் கவனித்துச் சொன்னவர் தன்னார்வலர்தான். அரசிடம் அதற்கு வேறு ஆள் இல்லை. கோளாறு அவருக்குத் தந்திருக்கும் இரட்டை வேலையில் இருக்கிறது. விசாரித்துச் சொல்வது ஒன்று. எங்கே வாழ வேண்டும் என்று பரிந்துரைப்பது வேறு. முதலாவதற்கு நேரமும் நடையும் போதும். இரண்டாவதற்கு அந்தப் பிள்ளையின் உலகத்துக்குள் நின்று பார்க்கும் கண் வேண்டும், அல்லது பிள்ளையின் சொல்லே வேண்டும்.

பிள்ளையின் சொல் என்பது 1990களில்தான் தொழில்முறை விவாதமாக மாறியது. 1995இல் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் கூடிய சட்ட அறிஞர்கள், பிள்ளையின் வழக்கறிஞர் மற்ற எந்தக் கட்சிக்காரரின் வழக்கறிஞரையும்போல அவன் விரும்புவதையே வாதாட வேண்டும், தாம் நல்லதென்று நினைப்பதை அல்ல என்ற நிலைக்கு வந்தார்கள். மறுஆண்டு அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் வெளியிட்ட நெறிகளும் அந்தத் திசையில் சாய்ந்தன. பேசத் தெரியாத கைக்குழந்தைக்கு இது பொருந்தாது. 14 வயதுப் பெண்ணுக்குப் பொருந்தும். நடுவில் எந்த வயதில் கோடு போடுவது என்பதில்தான் மாநிலங்கள் இன்னும் ஆளுக்கொரு பக்கமாக நிற்கின்றன.

காசா பிறந்த வாஷிங்டன் மாநிலம் 2021இல் அந்தக் கோட்டை 8 வயதில் போட்டது. அரசின் பாதுகாப்பில் இருக்கும் 8 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் தரும் சட்டத்தைக் கொண்டுவந்து, ஒரே நாளில் எல்லா இடத்திலும் அமலாக்காமல் கவுண்டி கவுண்டியாகப் பல ஆண்டுகளில் நடைமுறைப்படுத்தும்படி வகுத்தது. இளைய பிள்ளைகளுக்காகப் பேசுவது பெரும்பாலும் வழக்குக் காப்பாளரும் தன்னார்வலரும். ஒரே வழக்கில் வழக்கறிஞரும் தன்னார்வலரும் இருந்தால், அம்மாவிடம் போகிறேன் என்று 12 வயதுப் பெண் சொன்னதை அவளுடைய வழக்கறிஞர் வாதாடுவார். இன்னும் ஆறு மாதம் பொறுக்கலாம் என்று தன்னார்வலரின் அறிக்கை சொல்லும். நீதிபதி இரண்டையும் கேட்டுவிட்டுத் தீர்மானிக்க வேண்டும்.